வலிக்கு நாள் குறிப்பது யார்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மூத்த மகளுக்கு 37ஆம் வாரத்திலேயே வலி கண்டுவிட்டது. இளையவளுக்கு டாக்டர் குறித்த நாள் கடந்து ஐந்து நாள் ஆகியும் வலி வரவில்லை. கடைசியில் ஜெல் வைத்துத்தான் பிரசவம் பார்த்தார்கள். இருவரும் ஒரே வீட்டில், ஒரே சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்தவர்கள். வலி எப்போது வர வேண்டும் என்பதைத் தாயின் உடம்பு முடிவு செய்கிறதா, வயிற்றில் இருக்கும் குழந்தையா?
– ஒரு வாசகி, போடிநாயக்கனூர்

பதில்: மிகப் பழைய கேள்வி இது. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் பழைய நூல்கள் குழந்தையின் பக்கம்தான் கை காட்டின. தாயிடமிருந்து வரும் உணவு போதாமல் போகும்போது, முட்டைக்குள் இரை தீர்ந்த குஞ்சு ஓட்டை உடைப்பதுபோல, குழந்தை கை கால்களை உதறிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறது என்று அவை கூறின. பசியால் உதைக்கிறது என்பது தவறு. ஆனால் குழந்தையின் பக்கம் தேடியது தவறில்லை என்பதற்கு முதல் சான்று செம்மறி ஆடுகளிடமிருந்து கிடைத்தது.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், சினைப்பட்ட 14ஆம் நாளை ஒட்டி ஒருவகைக் காட்டுச் செடியைத் தின்ற ஆடுகளின் வயிற்றில், நெற்றி நடுவே ஒற்றைக் கண்ணுடன் குட்டிகள் உருவாயின. அந்த ஆடுகளில் சிலவற்றுக்கு நாள் கடந்தும் வலி வரவில்லை. குட்டி வயிற்றுக்குள்ளேயே பெருத்துக்கொண்டு போயிற்று. அக்குட்டிகளின் மூளையும், அதன் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியும் சீர்கெட்டிருந்ததுதான் காரணமா என்ற ஐயம் எழுந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத்து மகப்பேறு மருத்துவர் கிரஹாம் லிகின்ஸ் இதைச் சோதித்துப் பார்த்தார். வயிற்றில் இருக்கும் குட்டியின் பிட்யூட்டரியை மட்டும் மின்சூட்டால் அழித்தபோது, சுமார் 150 நாளில் ஈன வேண்டிய ஆடு ஈனாமல் நின்றது. மாறாக, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி சுரக்கும் கார்டிசால் வகை ஹார்மோனைக் குட்டியின் உடலில் செலுத்தியபோது நாள் நிறையும் முன்பே ஈன்றது. தாய் ஆட்டை யாரும் தொடவில்லை. மாற்றம் செய்யப்பட்டது குட்டியிடம் மட்டுமே.

ஆட்டின் விஷயத்தில் தொடர்கதை தெளிவானது. குட்டியின் மூளை முதிர்கிறது, பிட்யூட்டரி வழியே தூண்டப்பட்டு அதன் அட்ரினல் சுரப்பி கார்டிசாலைக் கூட்டுகிறது, அந்தக் கார்டிசால் நஞ்சுக்கொடியில் ஒரு நொதியை எழுப்புகிறது, அந்த நொதி கருப்பையை அமைதியாக வைத்திருக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனை, அதைத் தூண்டும் ஈஸ்ட்ரோஜனாக மாற்றும் பாதையைத் திறந்துவிடுகிறது. தாயின் இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் சரிகிறது, வலி தொடங்குகிறது.

மனிதரிடம் இந்தக் கதை பாதியில் நின்றுவிடுகிறது. நமது நஞ்சுக்கொடியில் அந்த நொதி இல்லை. வலி தொடங்கும் நாளிலும், குழந்தை பிறக்கும் நிமிடத்திலும்கூடத் தாயின் இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் குறையாமல் நிற்கிறது. நஞ்சுக்கொடி வெளியே வந்த பிறகே அது விழுகிறது. மூளை சரியாக உருவாகாத குழந்தைகளைச் சுமந்த தாய்மாரில் சிலருக்கு முன்னதாகவும், சிலருக்கு வெகு தாமதமாகவும் வலி வருவதுண்டு. ஆனால் வலி வராமலே நின்றுவிடுவதில்லை. குறைப்பிரசவ அபாயம் உள்ள தாய்மாருக்கு நம் மருத்துவமனைகளில் போடும் 'நுரையீரல் ஊசி'யும் கார்டிசால் வகை மருந்துதான். அதைப் போட்டதால் வலி தொடங்கிவிடுவதில்லை. (அந்த ஊசியே லிகின்ஸின் ஆட்டிலிருந்து வந்தது. பிழைக்காது என்று எண்ணிய ஒரு குறைமாதக் குட்டி மூச்சு விட்டுக்கொண்டிருந்ததைக் கண்டு, கார்டிசால் நுரையீரலை முதிரச் செய்கிறது என்று ஊகித்த அவர், ராஸ் ஹோவி என்ற குழந்தை மருத்துவருடன் சேர்ந்து 282 தாய்மாரிடம் சோதித்து 1972இல் முடிவை வெளியிட்டார். வலியைத் தேடிப் போனவருக்கு மூச்சு கிடைத்தது என்பதுதான் இந்த ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.)

புரோஜெஸ்டிரோன் குறையவில்லை என்றால் கருப்பை எப்படி விழிக்கிறது? ஹார்மோன் அப்படியே இருக்கிறது. அதைக் கேட்கும் காதுதான் மந்தமாகிறது. கருப்பைத் தசையின் உயிரணுக்களுக்குள் புரோஜெஸ்டிரோனை ஏற்கும் புரதம் இரண்டு வடிவங்களில் உள்ளது. 'பி' வடிவம் தசையை அடக்கி வைக்கிறது. 'ஏ' வடிவம் அந்த அடக்குதலுக்குக் குறுக்கே நிற்கிறது. கர்ப்பத்தின் பெரும்பகுதியில் 'பி'யின் கை ஓங்கியிருக்க, இறுதியில் 'ஏ' முந்திக்கொள்கிறது. தசைக்குள் நுழையும் புரோஜெஸ்டிரோனை அங்கேயே செயலிழக்கச் செய்யும் நொதியும் அப்போது கூடுகிறது. புரோஜெஸ்டிரோன் தன் ஏற்பியைப் பற்றவிடாமல் தடுக்கும் மிஃபெப்ரிஸ்டோன் மாத்திரை கர்ப்பத்தின் எந்தக் கட்டத்திலும் கருப்பையை விழிக்கச் செய்கிறது என்பதால், மனிதரிடமும் தடுப்புக் கட்டை இதுதான் என்பதில் ஐயமில்லை. கட்டை எடுபடும் விதம்தான் ஆட்டுக்கும் நமக்கும் வேறு.

இனி, நாள் எண்ணுவது யார் என்பது. ஆஸ்திரேலியாவின் நியூகாஸில் நகரில் மார்க் மக்லீன், ரோஜர் ஸ்மித் முதலியோர் 485 கர்ப்பிணிகளின் இரத்தத்தைத் தொடர்ந்து அளந்து 1995இல் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு திருப்பம். மன அழுத்தத்தின்போது மூளை சுரக்கும் சி.ஆர்.எச். என்ற ஹார்மோனை, மனிதரிலும் குரங்கினத்திலும் நஞ்சுக்கொடியும் சுரக்கிறது. மாதம் ஏற ஏற அது வட்டிக்கு வட்டி போலப் பெருகுகிறது. குறைமாதத்தில் பெற்றவர்களுக்கு அது 16 முதல் 20 வாரத்திலேயே கூடுதலாக இருந்தது. நாள் கடந்து பெற்றவர்களுக்குக் குறைவாக இருந்தது. அதாவது வயிறு வெளியே சரியாகத் தெரியாத காலத்திலேயே நஞ்சுக்கொடி தன் வேகத்தை ஏறக்குறைய வகுத்துக்கொண்டு விடுகிறது. அதை அவர்கள் நஞ்சுக்கொடிக் கடிகாரம் என்றார்கள். மூளையில் கார்டிசால் கூடினால் சி.ஆர்.எச். அடங்கும், நஞ்சுக்கொடியிலோ கார்டிசால் கூடக் கூட சி.ஆர்.எச்.சும் கூடும். கடிவாளமில்லாத ஓட்டம் அது. இறுதி வாரங்களில், இரத்தத்தில் சி.ஆர்.எச்.சைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கும் புரதமும் குறைந்துவிட, அது முழு வீச்சில் இறங்குகிறது. ஆயினும் இந்த அளவை வைத்து ஒரு பெண்ணுக்கு இன்ன தேதியில் வலி வரும் என்று சொல்ல முடியாது. சீக்கிரம் பெறுபவர்களின் எண்களும் தாமதமாகப் பெறுபவர்களின் எண்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன.

இந்தக் கடிகாரத்தில் குழந்தைக்கும் பங்கு உண்டு. சி.ஆர்.எச். குழந்தையின் அட்ரினலைத் தூண்ட, அது சுரக்கும் மூலப்பொருளை நஞ்சுக்கொடி ஈஸ்ட்ரோஜனாக மாற்றித் தாயின் கருப்பைக்கு அனுப்புகிறது. வயிற்றில் இருக்கும் குழந்தையின் அட்ரினல் அதன் உடலளவுக்கு மிகப் பெரியது. பிறந்த சில வாரங்களிலேயே அதன் பெரும்பகுதி சுருங்கிவிடுகிறது. அந்த மூலப்பொருளைப் பிரித்தெடுக்கும் சல்ஃபடேஸ் என்ற நொதி சில ஆயிரம் ஆண் குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறவியிலேயே இல்லாமல் போகிறது. அத்தகைய மகனைச் சுமக்கும் தாய்க்கு ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, கருப்பை வாய் எளிதில் கனிவதில்லை, வலி வரத் தாமதமாகிறது. பிறந்த பின் அந்தக் குழந்தைக்குத் தோல் செதில் செதிலாக உரியும். ஒரே ஒரு நொதியின் குறை, குழந்தையின் தோலிலும் தாயின் வலியிலும் ஒருசேரத் தெரிகிறது.

குழந்தையின் நுரையீரலும் செய்தி அனுப்புவதாகத் தெரிகிறது. பிறந்ததும் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பூச்சில் உள்ள ஒரு புரதம், நுரையீரல் முதிர்ந்ததும் பனிக்குட நீரில் கலந்து, எலிகளில் கருப்பைக்குப் பாதுகாப்பு அணுக்களை வரவழைத்து அழற்சியை மூட்டுகிறது என்று டெக்சாஸின் டல்லாஸ் நகரில் கரோல் மெண்டல்சனின் குழு 2004இல் காட்டியது. மூச்சுவிடத் தயாராகிவிட்டேன் என்ற அறிவிப்பு அது. ஆனால் இது எலியில் கண்டது. மனிதரில் இதற்கு எவ்வளவு கனம் என்பதில் நான் அவசரப்பட மாட்டேன்.

ஆகவே உங்கள் கேள்விக்கு விடை: தாயும் இல்லை, குழந்தையும் இல்லை, இருவருக்கும் இடையில் இருக்கும் நஞ்சுக்கொடி பேச்சை நடத்துகிறது, குழந்தை பெருமளவு சொல்கிறது, தாயின் கருப்பை கேட்டுக்கொள்கிறது. தாயின் பங்கும் சிறிதல்ல. 43,568 பெண்களின் மரபணுக்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு, கர்ப்பத்தின் நீளத்தோடு தொடர்புடைய சில மரபணு இடங்களைத் தாயின் பக்கத்தில் கண்டறிந்தது. உங்கள் மகள்கள் இருவரும் ஒரே வீட்டில் வளர்ந்திருந்தாலும், அவர்கள் வயிற்றில் வளர்ந்தவை வேறு வேறு நஞ்சுக்கொடிகள். கரு உருவான நாளையே சரியாகக் கணித்து, குறைப்பிரசவங்களை நீக்கிய பிறகும், பெண்களுக்குள் கர்ப்பத்தின் நீளம் 37 நாள் வரை வேறுபட்டதாக 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. இளைய மகளின் ஐந்து நாள் அதற்குள் அடங்கிவிடும். குறித்த தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு நான்கைந்துதான். நாம் பத்து மாதம் சுமந்தாள் என்று சொல்வது 28 நாள் கொண்ட மாதங்களாக எண்ணினால் 280 நாள். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து மருத்துவர்கள் எண்ணுவதும் அதே 280. இரண்டும் சராசரியே.

கேள்வி: நான் நர்சிங் இரண்டாம் ஆண்டு மாணவி. பிரசவ வலியைத் தொடங்கி வைக்கும் ஹார்மோன் ஆக்சிடோசின் என்று படித்தேன். ஆனால் வார்டில் நேரே டிரிப்ஸில் ஆக்சிடோசின் போடாமல், பலருக்கு முதலில் ஜெல் வைக்கிறார்கள். ஏன்?
– பாளையங்கோட்டை

பதில்: வார்டில் நீங்கள் கண்டது சரி, படித்த வாக்கியத்தில்தான் திருத்தம் வேண்டும். பிட்யூட்டரியின் பின்பகுதிச் சாறு கருப்பையைச் சுருங்கச் செய்கிறது என்று இங்கிலாந்தின் ஹென்றி டேல் 1906இல் கண்டார். அதில் இருந்த ஆக்சிடோசினை 1953இல் ஆய்வகத்தில் உருவாக்கிய அமெரிக்கர் வின்சென்ட் டு விக்னோ 1955இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். இத்தனை புகழுக்குப் பிறகு, வலியைத் தொடங்குவதும் அதுதான் என்று எல்லாரும் எண்ணியது இயல்பு. ஆனால் வலி தொடங்கும் முன் தாயின் இரத்தத்தில் ஆக்சிடோசின் திடீரென உயர்வதில்லை. ஆக்சிடோசினே சுரக்காதபடி மரபணு மாற்றிய எலிகள் உரிய நாளில் குட்டி ஈன்றன. பால் கொடுக்கத்தான் அவற்றால் முடியவில்லை. ஈஸ்ட்ரோஜன் ஓங்கும் இறுதி வாரங்களில் பன்மடங்கு பெருகுவது, கருப்பைத் தசையில் ஆக்சிடோசினை ஏற்கும் ஏற்பிகள். அதனால்தான் நாள் நிறைந்தவரிடம் சில சொட்டுகளுக்கே எழும் கருப்பை, நடுமாதத்தில் அதே மருந்துக்கு மிகக் குறைவாகவே அசைகிறது.

ஜெல்லின் வேலை வேறு. உங்கள் மூக்கு நுனியை விரலால் அழுத்திப் பாருங்கள். பிறகு உதட்டைத் தொடுங்கள். கனியாத கருப்பை வாய்க்கும் கனிந்த கருப்பை வாய்க்கும் பரிசோதிக்கும் விரலுக்குத் தெரியும் வேறுபாடு அதுதான். அந்த வாய் பெரும்பாலும் கொலாஜன் என்ற நார்களால் இறுகப் பின்னப்பட்டது. உடலே சுரக்கும், ஹார்மோன் போன்ற புரோஸ்டகிளாண்டின்கள் அந்தப் பின்னலைத் தளர்த்தி, நாருக்கு இடையில் நீர் ஏற விட்டு, மூன்று நான்கு சென்டிமீட்டர் நீளமுள்ள குழாயைத் தாள்போல மெலியச் செய்கின்றன. ஜெல்லில் இருப்பதும் புரோஸ்டகிளாண்டின் ஈ2தான். பனிக்குடத்தின் உட்சவ்வு இயல்பாகச் சுரப்பதும் அதே பொருளை. இடையில் உள்ள வெளிச்சவ்வு மாதக்கணக்கில் அதைச் சிதைத்துக்கொண்டே வந்து, கடைசியில் தளர்ந்துபோவதால்தான் அது கருப்பையைச் சென்றடைகிறது. இந்த வகைப் பொருளைக் கொண்டு வலியை வரவழைக்கலாம் என்று உகாண்டாவின் கம்பாலாவில் சுல்தான் கரீம் 1968இல் காட்டினார். வாய் கனியாமல் டிரிப்ஸ் மட்டும் போடுவது, பூட்டிய கதவை முட்டித் தள்ளுவதற்கு ஒப்பாகும். அதற்காகத்தான் முதலில் கருப்பை வாயின் மென்மை, நீளம், திறப்பு, நிலை, குழந்தையின் தலை இறங்கிய அளவு ஆகியவற்றுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். 1964இல் எட்வர்ட் பிஷப் வகுத்த முறை அது.

ஆக்சிடோசின் உண்மையில் ஆட்சி செய்வது வலி தொடங்கிய பிறகு. குழந்தையின் தலை கருப்பை வாயையும் பிறப்புப் பாதையையும் அழுத்த, அந்தச் செய்தி மூளைக்குப் போக, மூளை ஆக்சிடோசினை அலையலையாக வெளிவிட, அது தலையை மேலும் அழுத்துகிறது. 1941இல் கனடாவின் ஜேம்ஸ் ஃபெர்குசன் முயல்களில் இதை விளக்கினார். குழந்தை வெளியே வந்தால் ஒழிய இந்தச் சுழல் நிற்பதில்லை. தேர்வில் கேட்டால் நான் சொன்னதை எழுதுங்கள். மதிப்பெண் குறைத்தால் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: மனைவிக்கு 36 வாரம். அவ்வப்போது வயிறு கல்லாகி, அரை மணியில் சரியாகிவிடுகிறது. 'சூட்டு வலி' என்று அம்மா சீரகக் கஷாயம் கொடுக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா, 38 ஆனதும் விளக்கெண்ணெய் குடித்தால் சீக்கிரம் பெற்றுவிடலாம் என்கிறார். இரண்டும் சரியா?
– மணப்பாறை

பதில்: அம்மாவின் பெயரீட்டில் சூடு இருக்கலாம், வலிக்கும் சூட்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் அவர் செய்யும் சோதனை நல்லது. வெதுவெதுப்பான நீர் குடித்துப் படுத்தால் அடங்குவது பொய் வலி. அடங்காமல், இடைவெளி குறுகி, நேரம் நீண்டு, இடுப்பிலிருந்து சுற்றி வருவது மெய் வலி. சீரகம் அதற்கு ஒரு சாக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றுக்கும் கெடுதி இல்லை.

இரண்டு வலிக்கும் நடுவே தசைக்குள் நடப்பது இது. கருப்பையின் கோடிக்கணக்கான தசையணுக்கள் கர்ப்ப காலத்தில் தனித்தனி வயல்களாக இருக்கின்றன. ஒன்றில் எழும் மின்துடிப்பு வரப்போடு நின்றுவிடும். ஒரு மூலையில் மட்டும் வயிறு இறுகி விலகுவதை 1872இல் விவரித்த ஆங்கில மருத்துவர் ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸின் பெயரையே அதற்கு வைத்தார்கள். நாள் நெருங்கும்போது 'கனெக்சின் 43' என்ற புரதம் அணுவுக்கும் அணுவுக்கும் இடையில் மடை திறக்கிறது. அதன்பின் ஓரிடத்துத் துடிப்பு கருப்பை முழுவதும் பாய்ந்து, எல்லாத் தசையும் ஒரே தாளத்தில் இறுகுகிறது. மெய் வலிக்கு ஒழுங்கும் கால அளவும் இருப்பது இதனால்தான்.

விளக்கெண்ணெயை வெறும் நம்பிக்கை என்று தள்ள முடியாது. குடலில் அதிலிருந்து பிரியும் ரிசினோலிக் அமிலம், புரோஸ்டகிளாண்டின் ஈ2 பற்றும் ஏற்பிகளில் ஒன்றையே பற்றி, குடலையும் கருப்பையையும் சுருக்குகிறது என்று ஜெர்மனியில் எலிகளிடம் செய்த ஆய்வு 2012இல் காட்டியது. பாட்டிமார் கண்டது வீண் இல்லை. ஆனால் அளவு யார் கையிலும் இல்லை. வயிற்றுப்போக்கில் நீர் வற்றிய கர்ப்பிணிக்கு வலியும் சேர்ந்து வந்தால், குழந்தையின் இதயத்துடிப்பைக் கவனிக்க வீட்டில் யாரும் இல்லை. முன்பு சிசேரியன் ஆனவருக்கு இது இன்னும் ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். 37 வாரம் நிறையும் முன் ஒழுங்கான வலி, எந்த வாரத்திலும் பனிக்குடம் உடைவது, இரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைவது ஆகியவற்றில் ஒன்று நேர்ந்தாலும் கஷாயம் வைத்துக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: இரட்டைக் குழந்தை என்றால் ஏன் முன்னதாகவே பிறந்துவிடுகின்றன?
– காரைக்குடி

பதில்: பாதிக்கு மேற்பட்ட இரட்டையர்கள் 37 வாரத்துக்கு முன்பே பிறக்கிறார்கள். கருப்பைத் தசை அளவுக்கு மீறி இழுபடுவது ஒரு முக்கியக் காரணம். இழுபட்ட தசை மேலே சொன்ன மடைகளையும் ஆக்சிடோசின் ஏற்பிகளையும் தானே கூட்டிக்கொள்கிறது. பனிக்குட நீர் மிகுந்தாலும் இதே நிலைதான். நஞ்சுக்கொடியின் அளவும் இரட்டையரில் பெரிது என்பதால் சி.ஆர்.எச்.சும் அதிகம். ஒற்றைக் குழந்தை குறைமாதத்தில் பிறப்பதற்கு இன்னொரு பெரிய காரணம் தொற்று. கிருமிகள் பனிக்குடச் சவ்வை எட்டும்போது எழும் அழற்சி, முதிர்ச்சி எழுப்ப வேண்டிய அதே புரோஸ்டகிளாண்டின்களை முன்கூட்டியே எழுப்பிவிடுகிறது. சிறுநீரில் எரிச்சல் இருந்தால் கூச்சப்படாமல் உடனே சொல்லச் சொல்வது இதற்காகத்தான்.

கேள்வி: அமாவாசை, பௌர்ணமியில் பிரசவ வார்டு நிரம்பி வழியும் என்கிறார்களே? வலி பெரும்பாலும் இரவில்தான் வரும் என்பதும் கட்டுக்கதையா?
– நாகப்பட்டினம்

பதில்: முதலாவது கட்டுக்கதை. அமெரிக்காவின் வட கரோலினாவில் 1997 முதல் 2001 வரை நிகழ்ந்த 5,64,039 பிறப்புகளை 62 பிறைச் சுற்றுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நிலவின் நிலைக்கும் பிறப்பு எண்ணிக்கைக்கும் தொடர்பு இல்லை. கூட்டமான ஓர் இரவில் யாராவது ஜன்னலுக்கு வெளியே நிலவைப் பார்த்தால் அந்த இரவு நினைவில் நிற்கும். நிலவு இருந்தும் வார்டு காலியாக இருந்த இரவுகளை யாரும் எண்ணுவதில்லை.

இரண்டாவது உண்மை. தானாகத் தொடங்கும் வலி இரவிலும் விடியலுக்கு முன்பும் தொடங்குவது மிகுதி. இருட்டில் சுரக்கும் மெலட்டோனின், மனிதக் கருப்பைத் தசையணுக்களில் ஆக்சிடோசினின் வேலைக்குத் துணைபோவதை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். ஆகவே மாதம் நிறைந்தவர் இருக்கும் வீட்டில், 108க்கு அழைத்தால் வண்டி வாசல் வரை வந்து திரும்ப இடம் இருக்கிறதா, தெருவிளக்கு எரிகிறதா, மருத்துவமனைக் கோப்பு எந்தப் பையில் இருக்கிறது என்பதையெல்லாம் பகலிலேயே பார்த்து வைத்துவிடுங்கள்.